ஒருவன் ஒருவனல்லன்!

1,000 மாணவர்கள் பயிலும் பள்ளியிலே எத்தனை மாணவர்கள் பயில்கின்றனர்? கேட்பவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கத் தோன்றும். ஆனால், அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. வரையறுத்த எல்லைக்குள் வாழும் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பொதுப்பள்ளியானால், 1,000. எல்லை ஏதுமின்றி எங்கிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியானால் 1,650! அத்தகைய பள்ளிகளுள் பெரும்பாலானவை தனியார் பள்ளிகள்.

வகுப்பறைக் கணக்கல்ல இது, ஆட்டக்களத்துக் கணக்கு. மாணவர் தொகைக்கேற்பப் பள்ளிகளைப் பல பிரிவுகளாக வகுத்து, சிறிய பள்ளி சிறியதோடும், பெரிய பள்ளி பெரியதோடும் மோதட்டும் என்பது அங்குள்ள முறை. தொகையிலே சிறியவையாக இருக்கும் தனியார் பள்ளிகள், சிற்றூர்ப் பொதுப்பள்ளிகளை வீழ்த்திக் கோப்பைகளை வாரிச் செல்கின்றன என்ற குமுறல் எழுந்தது. பரிகாரம் தேடிய மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம், 2005-ஆம் ஆண்டு ஒரு பெருக்கலைக் கண்டுபிடித்தது. எல்லையற்ற பள்ளியின் மாணவர் தொகையை 1.65 ஆல் பெருக்கு. வரும் தொகைக்குரிய மேற்பிரிவில் அதனை ஆடவிடு! எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் எழுந்தது. வெற்றி காணாத பள்ளிகளுக்கு விலக்கு என்ற தளர்வு பின்னாளில் சேர்ந்தது. எனினும் பெருக்கல் நிலைத்தது.

விளையாட்டுச் செய்தி படிப்போர் இந்த எண்ணைப் படித்த மறுநாளே மறந்துவிடலாம். ஆசிரியத் தொழிலில் நிற்கும் நாம் மறப்பதற்கில்லை. ஏனெனில், 1.65 என்பது வெறும் எண்ணன்று, ஒரு வாக்குமூலம். “எங்கள் நாட்டிலே ஒரு பிள்ளையும் மற்றொரு பிள்ளையும் சமமாகக் களத்துக்கு வருவதில்லை” என்று, செல்வத்திலே சிறந்த ஒரு நாடு தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்!

மனிதனைப் பின்னமாக எண்ணுவது அந்த நாட்டுக்குப் புதிதுமன்று. 1787-இல் இயற்றிய அரசியல் சட்டத்திலே, மாநிலங்களின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமை ஒருவனை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினர். அது ஆதிக்கக்காரர் போட்ட கணக்கு. இது நேர்மையை நாடிப் போட்ட கணக்கு. இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால், நேர்மையை நாடுவோரும் பின்னத்தைக் கையில் எடுக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்பது நம் கடமை.

ஏன் வந்தது?

பொதுப்பள்ளியின் வாயிலிலே நிற்பவன் காவலன் அல்லன், அழைப்பவன். எல்லைக்குள் வாழும் பிள்ளை எவனாயினும், “வா” என்று அவனை அழைத்தே தீரவேண்டும். நோஞ்சானும் வருவான், நொண்டியும் வருவான், ஆங்கிலம் அறியாத குடியேறியின் மகளும் வருவாள். மாலையிலே வேலைக்குச் சென்றால்தான் இரவிலே அடுப்பு எரியும் என்ற நிலையிலுள்ளவனும் வருவான். அவர்களிலிருந்துதான் அந்தப் பள்ளி தன் ஆட்டக்குழுவை அமைத்துக்கொள்ள வேண்டும். தனியார் பள்ளியின் வாயிலிலோ தேர்வு நடக்கிறது. கட்டணம் செலுத்த வல்லவரா பெற்றோர் என்பது ஒரு சல்லடை. நுழைவுத் தேர்வு மற்றொரு சல்லடை. கட்டணம் செலுத்த இயலாதவனாயினும் ஓட்டத்திலே சிறுத்தையாக இருப்பின், உதவித்தொகை என்ற கதவு திறக்கக்கூடும். ஒரு பள்ளி தெருவிலுள்ளவரை ஏற்கிறது. மற்றொன்று பல ஊர்களிலிருந்து பொறுக்கி எடுக்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் நின்று ஓடினால், அது பந்தயமா? பந்தயம் ஊதுகுழல் ஒலிக்கு முன்பே, சேர்க்கை அறையிலேயே முடிந்துவிட்டதன்றோ!

இதற்கு அவர்கள் கூறும் மறுப்பு என்ன? “எங்கள் பிள்ளைகள் பாடுபடுகின்றனர். எங்கள் பயிற்சியாளர்கள் கண்ணும் கருத்துமாக உழைக்கின்றனர். உழைத்துப் பெற்ற வெற்றிக்கு ஏன் தண்டனை?” என்கின்றனர். கலிபோர்னியாவின் கான்கார்டு நகரத்து டி லா சால் பள்ளியை எடுத்துக்காட்டுகின்றனர். கத்தோலிக்கத் தனியார் பள்ளியான அது, 1992 முதல் 2003 வரை அமெரிக்கக் கால்பந்திலே 151 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது. இடையிலே ஒரு தோல்விகூட இல்லை! இதனை உழைப்பின்றிச் சாதித்திருக்க முடியுமா என்கின்றனர்.

முடியாதுதான். உழைப்பை நாம் மறுக்கவில்லை. திறமையையும் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. உழைப்பதற்கு நேரம் எவனுக்குக் கிடைத்தது? திறமை காட்டத் திடல் எவனுக்குக் கிடைத்தது? காலில் காலணியும், வயிற்றில் உணவும், அடிபட்டால் மருத்துவரும், ஆட்டம் முடிந்தால் வீடு சேர வண்டியும் எவனுக்குக் கிடைத்தன? ‘திறமை’ என்ற சொல்லை வெற்றி மேடையில் மட்டும் உச்சரிப்பவர், அந்த மேடைக்கு வரும் வழியிலே சுங்கச்சாவடி வைத்திருப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சுங்கம் செலுத்தியவன் மட்டுமே வந்து சேரும் இடத்தில், வந்தவருள் சிறந்தவன் யார் என்று பார்த்துவிட்டு, நாட்டிலேயே சிறந்தவன் இவன் என்று முடி சூட்டுவது என்ன நியாயம்?

சிறுபிள்ளை விளையாட்டுக்கு இத்தனை வாதமா என்று எண்ணற்க. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடுவோர் கணக்கு 80 இலட்சம் அளவில் இருக்கிறது. கல்லூரிக் கட்டணம் வானளாவ நிற்கும் அந்த நாட்டிலே, ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரி வாயிலைத் திறக்கும் சில சாவிகளில் விளையாட்டு உதவித்தொகையும் ஒன்று. அதைப் பெறுவோர் மிகச் சிலரே. என்றாலும், அந்தச் சிலருள் ஒருவனாகும் வாய்ப்பு, பிறந்த தெருவைப் பொறுத்தா அமைவது?

பெருக்கலால் தீராத சிக்கலைப் பிரித்துத் தீர்க்க முனைந்த மாநிலங்களும் உண்டு. நியூ ஜெர்சியில் மாநிலப் பட்டங்களுக்கு, பொதுப்பள்ளிகளுக்கு ஒரு தொகுதி, பொதுவல்லாத பள்ளிகளுக்கு வேறு தொகுதி. டெக்சாசில் பெரிய விளையாட்டுச் சங்கம் பொதுப்பள்ளிகளுக்கே உரியது. 2003-இல் இரண்டு இயேசு சபைப் பள்ளிகளுக்கு மட்டும் இடம் கொடுத்தது. டென்னசியில், ஆட்டக்காரருக்குக் கட்டண உதவி தரும் தனியார் பள்ளிகளை 1997 முதல் தனிப் பிரிவிலே நிறுத்தினர்.

அதே டென்னசியில், அதே 1997-இல் எழுந்த ஒரு வழக்கு நம் கருத்துக்கு உரியது. பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர், அடுத்த ஆண்டு சேரவிருந்த எட்டாம் வகுப்புச் சிறுவர்களுக்குக் கடிதம் எழுதினார். இப்போதே வந்து பயிற்சியிலே கலந்துகொள்ளுங்கள் என்று அழைத்து, ‘உங்கள் பயிற்சியாளர்’ என்று கையெழுத்திட்டார். நடுநிலைப் பள்ளிச் சிறுவரை ஆட்டத்துக்காக இழுக்கும் முயற்சி இது என்று மாநிலச் சங்கம் 3,000 டாலர் அபராதம் விதித்தது. இரண்டு ஆண்டுகள் இறுதிச் சுற்றுகளிலிருந்தும் விலக்கியது. பள்ளி, பேச்சுரிமை பறிபோயிற்று என்று வழக்காடியது. வழக்கு இருமுறை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. 2001-இல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அச்சங்கத்தின் செயல் அரசின் செயலாகவே கருதத்தக்கது என்று தீர்ப்பு வந்தது. அதன் உறுப்புப் பள்ளிகளில் நூற்றுக்கு 84 பொதுப்பள்ளிகள் என்பது அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. 2007-இல், கடிதத்தைத் தடுத்த விதி பேச்சுரிமைக்கு முரணானதன்று என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

ஒரு கடிதத்துக்காகப் பத்து ஆண்டு வழக்கு! இதிலே நம் நெஞ்சில் தைப்பது அபராதமும் அன்று, தீர்ப்பும் அன்று. எட்டாம் வகுப்புச் சிறுவன் சரக்காகிவிட்டான். அவனுக்காகக் கடைக்காரர்கள் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டனர் என்பதுதான்.

இந்தப் போக்கு முற்றினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2021 ஆகஸ்டு மாதம் சான்று கூறிற்று. ஓஹாயோவைச் சேர்ந்தது என்று கூறிக்கொண்ட பிஷப் சைக்கமோர் என்ற ‘பள்ளி’, நாடு முழுதும் பார்க்கும் தொலைக்காட்சியிலே, ஃபுளோரிடாவின் ஐ.எம்.ஜி. அகாடமி என்ற விளையாட்டு உறைவிடப் பள்ளியோடு மோதி 58–0 என்று நசுங்கியது. அதன் பின்னரே, இது எங்கே நடக்கும் பள்ளி, யார் ஆசிரியர், என்ன பாடம் என்ற கேள்விகள் எழுந்தன. பள்ளி என்று ஏற்பதற்குரிய குறைந்த அளவுத் தகுதிகளும் அதற்கு இருந்ததாகச் சான்றில்லை என்று மாநிலக் கல்வித் துறையின் விசாரணை முடிவு கூறிற்று. ஆட்டம் இருந்தது, சீருடை இருந்தது, பெயர் இருந்தது, பள்ளிதான் இல்லை!

அப்படியானால், தனியாரைத் தள்ளிவைத்து வேலி போட்டுவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? இங்கேதான் பகுத்தறிவாளர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். எந்த வேலியைப் பார்த்தாலும், அதனை நட்டவன் யார், யாரை வெளியே நிறுத்த நட்டான் என்று கேட்பது நம் பழக்கமாக வேண்டும்.

தெற்கு மாநிலங்களிலே தனியார் பள்ளிகள் பல பிறந்த கதையைப் பாருங்கள். நிற வேறுபாடு பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு முரண் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. கறுப்பினப் பிள்ளையோடு தம் பிள்ளை ஒரே பலகையில் அமர்வதா என்று சீறிய வெள்ளையர், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில் 1959-இல் பொதுப்பள்ளிகளையே இழுத்து மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தனர். 1964 வரை அங்கே பொதுப்பள்ளி இல்லை. கறுப்பினப் பிள்ளைகள் பலர் எழுத்தறியாமலே வளர்ந்தனர். மிசிசிப்பியில் தனியார் பள்ளிகளின் சங்கம் 1968-இல் அமைந்தது. அவற்றுக்கெனத் தனிப் போட்டிகளும் நடந்தன. சட்டம் ஒரு கதவைத் திறந்தது. பணம் மற்றொரு கட்டடத்தையே கட்டிக்கொண்டது.

இதைக் கண்டு, தனியார் என்றாலே கயமை, பொது என்றாலே தூய்மை என்று முடிவு கட்டிவிடலாகாது. ‘பொது’ என்ற சொல்லும் பல காலம் வேலியாகவே நின்றது. கூடைப்பந்தைக் கொண்டாடும் இந்தியானா மாநிலத்தைப் பாருங்கள். இந்தியானாபொலிஸ் நகரிலே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1927-இல் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் என்ற உயர்நிலைப் பள்ளியைத் திறந்தனர். மக்கள் வரிப்பணத்தில் நடந்த பள்ளி அது. ஆயினும் 1942 வரை மாநிலப் போட்டியிலே அதற்கு இடமில்லை. கத்தோலிக்கத் தனியார் பள்ளிகளுக்கும் அதே 1942 வரை இடமில்லை. ஒரு புறம் தனியார் பள்ளி, மறு புறம் கறுப்பினப் பொதுப்பள்ளி. இரண்டையும் ஒரே வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது ‘பொது’! டெக்சாசிலும் அப்படியே. வெள்ளையர் பொதுப்பள்ளிகளுக்கு ஒரு சங்கம். கறுப்பினத்தவர் பொதுப்பள்ளிகளுக்கு 1920 முதல் 1970 வரை வேறு சங்கம்.

வாயில் திறந்தபின் நடந்தது என்ன? ஆட்டக்ஸ் பள்ளியின் ஆடுகூடம் மிகச் சிறியது. சொந்தக் கூடத்திலே ஆட்டங்களை நடத்த இயலாமல் ஊர் ஊராகச் சென்று ஆடினர். ஆடியவர்களுள் ஒருவன் ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற இளைஞன். 1955-இல் மாநிலப் பட்டம் வென்றனர். 1956-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் மீண்டும் வென்றனர். 1955 வெற்றி ஊர்வலத்தை நகரின் நடு வட்டத்தைச் சுற்றவிட்டு, அங்கே நிறுத்தாமல், கறுப்பினத்தவர் குடியிருப்பிலிருந்த பூங்காவுக்கு அனுப்பி வைத்தனர். கோப்பையைக் கொடுத்த நகரம் வீதியைக் கொடுக்கவில்லை! ஆயினும் ஒன்று உறுதியாயிற்று. இத்தனை ஆண்டுகள் வெளியே நின்றது திறமைக் குறைவால் அன்று, வேலியால்.

இன்றோ நிறத்தின் பெயரால் வேலி இல்லை. நிலத்தின் விலையே வேலியாகி நிற்கிறது. அமெரிக்கப் பொதுப்பள்ளிக்கு வரும் பணத்தில் கணிசமான ஒரு பங்கு, அந்தந்த வட்டாரத்து வீடு, மனை வரியிலிருந்து வருகிறது. மாளிகைகள் நிறைந்த வட்டாரத்தில் வரி கொட்டும். குடிசைகள் நிறைந்த வட்டாரத்தில் வரி சொட்டும். டெக்சாசின் சான் அன்டோனியோ நகரத்து ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கிலே வெளிவந்த கணக்கைக் கேளுங்கள். 1967–68-இல் எட்ஜ்வுட் என்ற ஏழை வட்டாரத்தில் ஒரு மாணவனுக்குச் செலவிட்டது 356 டாலர். ஆலமோ ஹைட்ஸ் என்ற செல்வர் வட்டாரத்தில் 594 டாலர். வரி விகிதமோ ஏழை வட்டாரத்தில்தான் அதிகம்! அதிகம் கொடுத்தவன் குறைவாகப் பெற்றான். 1973-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், இது அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று கூறிவிட்டது.

செல்வர் வட்டாரத்துப் பொதுப்பள்ளிக்குக் கட்டணம் இல்லை என்று யார் சொன்னது? அங்கே வீடு வாங்கும் விலைதான் கட்டணம். அதனைப் பள்ளியிலே செலுத்தாமல் வீட்டுத் தரகரிடம் செலுத்துகின்றனர். டி லா சால் பள்ளியின் 151 வெற்றித் தொடரை 2004-இல் முறித்தது வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ பள்ளி. அது பொதுப்பள்ளி! தனியாரைப் பொது வென்றது என்று ஆர்ப்பரிக்கலாமா? பெல்வியூ செல்வர் வாழும் புறநகர். அதே பள்ளியின் கால்பந்துக் குழு, விதிகளை மீறியதற்காக 2016-இல் தண்டனையும் பெற்றது.

இன்னொரு பள்ளியை இதனோடு வைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருந்த செயின்ட் அந்தோனி, கத்தோலிக்கத் தனியார் பள்ளி. ஏழைத் தெருக்களின் பிள்ளைகள் பயின்றனர். சொந்தமாக ஓர் ஆடுகூடம்கூட இல்லை. பாப் ஹர்லி என்ற பயிற்சியாளரின் கீழ்க் கூடைப்பந்திலே நாடறிந்த வெற்றிகளைக் குவித்தது. 2010-இல் அவருக்குக் கூடைப்பந்துப் புகழ் மன்றத்திலே இடம் கிடைத்தது. 2017-இல் பள்ளியை மூடிவிட்டனர். தோல்வியால் அன்று, பணமின்மையால்!

இப்போது சொல்லுங்கள். பொது, தனியார் என்று மட்டும் கோடு கிழித்தால், செயின்ட் அந்தோனியின் ஏழைப் பிள்ளை பணக்காரத் தனியார் பள்ளிகளின் பக்கம் நிற்பான். பெல்வியூவின் செல்வப் பிள்ளை ஏழைப் பொதுப்பள்ளிகளின் பக்கம் நிற்பான். கோடு தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது விளங்கவில்லையா? உண்மைக் கோடு, ஆடுகளத்தைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கும் வாங்க இயலாதவனுக்கும் இடையிலே கிடக்கிறது.

இதனைச் சிறிதளவேனும் உணர்ந்த மாநிலம் மினசோட்டா. அங்கே பள்ளிகளைப் பிரிவு செய்யும்போது, வறுமை காரணமாக இலவச அல்லது குறைந்த விலை உணவு பெறும் மாணவர்களில் ஒரு பகுதியைக் கணக்கிலிருந்து கழிக்கின்றனர். ‘பசியோடு வருபவரை வைத்துக்கொண்டு நீ பெரிய பள்ளி என்று எண்ணமாட்டோம்’ என்பது பொருள். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் தட்டைப் பார்க்கும் கணக்கு இது. இல்லினாய்க் கணக்கினும் உண்மைக்கு நெருக்கமானது. ஆனால், இதுவும் கணக்குத்தான். கழித்துவிட்டதாலே பசி கழிந்துவிடாது. ஏழைப் பள்ளி எளிய பிரிவிலே ஆடும். ஏழைப் பள்ளியாகவே ஆடும்!

பெருக்கலும் கழித்தலும் நோயாளியின் காய்ச்சலை அளக்கும் கருவிகள். அளவுகோலை வேண்டாமென்று நாம் கூறவில்லை. இன்றைய ஆட்டம் இன்றே நடந்தாக வேண்டும். அதுவரை இத்தகைய விதிகள் இருக்கட்டும். ஆனால், அளவுகோலை மருந்தென்று விற்கலாகாது. தனித்தனிக் கோப்பை என்பதோ, நோயாளியையும் நலமுற்றவனையும் இரு அறைகளில் வைத்துவிட்டு, நோய் ஒழிந்தது என்று பறையறைவது. ஒரு மேடைக்குப் பதில் இரண்டு மேடைகள் கிடைக்கும். இரண்டிலும் உயரே நிற்பவன் அதே வசதியுள்ளவனாகவே இருக்கக்கூடும்.

மருந்து எது? பள்ளிக்குப் போகும் பணம், பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளின் விலையைப் பொறுத்திருக்கும் முறை ஒழிய வேண்டும். திடலும், தேர்ந்த பயிற்சியாளரும், அடிபட்டால் மருத்துவமும், ஆட்டம் முடிந்தபின் வீடு சேர ஊர்தியும், எந்த வட்டாரத்துப் பிள்ளைக்கும் பாடநூலைப் போல உரிமையாக வேண்டும். தனியார் பள்ளி தரும் உதவித்தொகை, காலின் வேகத்துக்கு விலையாகாமல் வீட்டின் வறுமைக்குத் துணையாக வேண்டும். யாருக்கு, எவ்வளவு, ஏன் என்பது ஊரறியத் தெரியவேண்டும். சிறுவரை வலைவீசிப் பிடிப்பது பொதுப்பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் ஒரே தண்டனை வேண்டும். இவற்றுக்குச் செலவாகும் என்பர். ஆகும், ஆகட்டும். ஆகாத செலவென்று எதைத் தள்ளினர்? எட்ஜ்வுட் பிள்ளைக்குக் குறைந்த 238 டாலரைத்தானே!

தோழர்களே! போட்டியை நாம் வெறுக்கவில்லை. வெற்றியைக் கண்டு வயிறெரியவும் இல்லை. ஓடத் தெரிந்தவன் முந்தட்டும். எறியத் தெரிந்தவள் வெல்லட்டும். தோற்றவர் கைகொடுத்துப் பாராட்டட்டும். அந்தக் கைகுலுக்கலிலே உண்மை இருக்கவேண்டுமானால், இருவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். அதுவரையில், எந்தச் சங்கம் எந்த எண்ணால் பெருக்கினாலும், எந்த எண்ணைக் கழித்தாலும், விடை ஒன்றே வரும்: ஒருவன் ஒருவனல்லன். ஒருவனை ஒருவனாகவே எண்ணக்கூடிய நாளைக் கொண்டுவருவது கணக்கரின் வேலையன்று; பள்ளிக்கு வரி செலுத்துவோர், பாடம் நடத்துவோர், பயில்வோர் ஆகிய அனைவரின் வேலை.